இடது இறக்கையில் பச்சை விளக்கு

இதை எழுதலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுக்கிறவள் நான். அப்படிப்பட்டவள் சொந்தத் தாய்மாமாவைப் பழிவாங்கிய கதையை எழுதினால் நன்றாகவா இருக்கும்? என் மகள் நாளைக்குப் படித்துவிட்டு, "அம்மா, நீ செஞ்சது சரியா?" என்று கேட்டால் என்ன சொல்வது? ஆனால் உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? என்னோடு இந்தத் தீவில், ஜங்லிகாட்டில் வளர்ந்து, இப்போது என்னைப் போலவே காலையில் ஒரு கையில் டிபன் டப்பாவும் மறு கையில் ஒற்றைச் சாக்ஸுமாக ஓடிக்கொண்டிருப்பவர்கள் நீங்கள்தானே.

நம் டிசம்பர் உங்களுக்கு நினைவிருக்கும். ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும். மெயின்லேண்டிலிருந்து போன் செய்யும் அத்தை, "இப்பவே இருட்டிட்டா? சும்மா சொல்லாதே" என்பாள். பள்ளி விட்டு வந்து, சீருடை மாற்றி, ஒரு வாய் சாப்பிட்டு நிமிர்ந்தால் வெளியே விளையாட வெளிச்சம் இருக்காது. எனக்குப் பதினோரு வயதான அந்த டிசம்பரில் நடந்தது எல்லாம் இந்த ஒரு காரணத்தால்தான் நடந்தது.

சின்ன மாமா அம்மாவுக்குத் தம்பி. தூத்துக்குடிப் பக்கமிருந்து வேலை தேடி வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். பகலில் ஒரு ஹார்டுவேர் கடையில் வேலை. மாறுதலாகி மெயின்லேண்டுக்குப் போன யாரோ ஒருவர், பெட்டிக்குள் அடங்காததால் அவரிடம் விட்டுப்போனதுதான் அந்த விமானம். வெள்ளைத் தெர்மாகோல் உடம்பு. நான் இரண்டு கைகளையும் விரித்தால் எவ்வளவோ அவ்வளவு நீள இறக்கை. மூக்கில் ஒரு சிறிய மோட்டார், பின்னால் வால். நீள ஏரியல் வைத்த ரிமோட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மாமா நின்றால், தெருவே நின்று பார்க்கும். அதைத் தொட்டால் விரலில் சின்னச் சின்ன வெள்ளை மணிகள் ஒட்டும். கடற்காற்றில் அது புதுச் செருப்பு மணத்தோடு இருந்தது.

மாமா கடையை விட்டு வரும்போது பொழுது சாய்ந்திருக்கும். வெள்ளை விமானம் சாம்பல் வானத்துக்குப் போனதும் எது வானம், எது விமானம் என்று தெரியாது. இரண்டு முறை தென்னையில் மோதியது.

"இதுக்கு லைட்டு வேணும்ட்டி. இல்லன்னா பேக்கார், ஒண்ணுத்துக்கும் ஆகாது" என்றார் மாமா.

லைட்டு என்றால் வீட்டில் என் வேலை. எட்டு வயதிலிருந்து கிறிஸ்துமஸ் குடிலுக்கு நான்தான் விளக்குப் போடுவேன். என்னிடம் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. அதற்குள் சாவிக்கொத்து டார்ச்சுகளிலிருந்து பிடுங்கிய எல்.இ.டி. பல்புகள், செத்துப்போன கால்குலேட்டர், பழைய ரேடியோ ஒன்றிலிருந்து உருவிய மெல்லிய செம்புக் கம்பி, கோடு போட்ட ரெசிஸ்டர்கள், ஈயக் கம்பி, அதை உருக்கிப் பற்றவைக்க அப்பா தனக்கு வேண்டாம் என்று கொடுத்த சால்டரிங் அயர்ன். யாரும் சொல்லித் தரவில்லை. விரல்நுனிகளைச் சுட்டுக்கொண்டு நானே கற்றுக்கொண்டது. ஈயம் உருகும்போது வரும் புகை வாசனை எனக்குச் சாம்பிராணியைவிடப் பிடிக்கும்.

எந்த நிற விளக்கை எங்கே வைப்பது என்பதும் என் யோசனைதான். அப்பா கார் நிக்கோபார் போகும் கப்பலில் இயந்திர அறையில் வேலை பார்த்தார். அவர் வரும் நாளில் நானும் அம்மாவும் கப்பல்துறையில் காத்திருப்போம். இருட்டில் கப்பல் தெரியாது, விளக்குகள்தான் தெரியும். கப்பலின் இடதுபக்கம் சிவப்பு, வலதுபக்கம் பச்சை. நம்மை நோக்கி வரும் கப்பலில் சிவப்பு நமக்கு வலது கைப்பக்கம் தெரியும். பல மாலைகள் பார்த்துப் பார்த்து நானே கண்டுபிடித்தது இது. பச்சையும் சிவப்பும் அப்படி ஒரு வரிசையில் வந்து நின்றதும், "அப்பா திரும்பிட்டாரு" என்று அம்மாவின் கையை இழுப்பேன்.

"விமானத்துக்கும் அப்படி வச்சா, அது போவுதா வருதான்னு இருட்டுலயும் தெரியும் மாமா" என்றேன்.

மாமா என் தலையில் தட்டினார். "அரே, ஏட்டி! உனக்குத் திமாக் இருக்கே!"

மூளை இருக்கிறது என்ற அந்த ஒரு வார்த்தைக்காக ஒரு வாரம் உழைத்தேன். சூடான ஊசியால் இறக்கையின் அடியில் பள்ளம் கீறி, கம்பியை உள்ளே படுக்கவைத்து, மேலே செலோடேப் ஒட்டினேன். ஒரு பக்கம் கனத்தால் விமானம் சாய்ந்துவிடும் என்று இரண்டு பக்கமும் ஒரே நீளக் கம்பி வெட்டினேன். ஒவ்வொரு பல்புக்கும் ஒரு ரெசிஸ்டர். விமானத்துக்குள் ரிமோட்டின் சமிக்ஞையை வாங்கும் ரிசீவருக்குப் போகும் நாலு பென்சில் பேட்டரியிலிருந்தே விளக்குக்கும் இணைப்பு. இடதில் சிவப்பு, வலதில் பச்சை. எரிந்தது.

மாமாவுக்குத் திருப்தி இல்லை. "என்னட்டி, மின்மினி கணக்கா இருக்கு. இந்தப் பொடிசு எதுக்கு நடுவுல?"

"ரெசிஸ்டர் மாமா. அது இல்லன்னா பல்பு கருகிரும்."

"ஒண்ணும் கருகாது. மோட்டார் பேட்டரியில கொடுத்தா ஜம்முனு எரியும்."

"வேண்டாம் மாமா."

நான் பள்ளிக்கூடம் போன நேரத்தில், மதியம் சாப்பிடக் கடையிலிருந்து வந்தவர் அதைத்தான் செய்திருக்கிறார். ரெசிஸ்டர்களைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பெரிய பேட்டரியில் நேரடியாகக் கொடுத்திருக்கிறார். கம்பி பழுத்து, டேப் உருகி, தெர்மாகோல் சொட்டுச் சொட்டாக ஒழுகி, மேசைமேல் விழுந்தது. மேசைமேல் இருந்தது பீடத் துணி.

அந்தத் துணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் மாதா கோவில் பங்குத் திருவிழாவுக்குப் பீடத்தில் விரிக்கிற துணியில் பூவேலை செய்யும் பொறுப்பு அந்த வருடம் அம்மாவுக்குக் கிடைத்திருந்தது. கோவிலில் எங்களைவிடப் பழைய குடும்பங்கள் எத்தனையோ இருக்க, அம்மாவிடம் கொடுத்தார்கள். மூன்று மாதமாக, கை கழுவித் துடைத்துவிட்டுத்தான் அம்மா அதைத் தொடுவாள். நடுவில் ஒரு கோதுமைக் கதிர், இரு பக்கமும் திராட்சைக் கொடி. இப்போது கதிரின் நடுவே உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பு ஓட்டை.

நான் பையோடு வாசலில் நுழையும்போது அம்மா துணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமா சுவரோரம் நின்றார். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒன்று வந்து போனது. அப்போது அதற்குப் பெயர் தெரியவில்லை. இப்போது தெரியும். ஆள் அகப்பட்டுவிட்டது என்ற நிம்மதி.

"நான் அப்பவே சொன்னேன்க்கா, இவ கண்ட கண்ட ஒயரை வச்சு மாட்டுதான்னு. காலையில இவதான் சொருவி வச்சிட்டுப் போயிருக்கா."

"இல்லம்மா, நான்..."

அம்மா என்னைக் காதோடு சேர்த்து அறைந்தாள். அதற்குமுன் அவள் என்னை அடித்ததில்லை. "எத்தன தடவ சொன்னேன், பொட்டப் பிள்ளைக்கு இந்தக் கம்பியும் நெருப்பும் வேண்டாம்னு! நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இதக் கொண்டு குடுப்பேன்?"

இன்று நானும் ஒரு தாய். அவள் பயந்தது துணிக்காக இல்லை, அந்தப் பழைய குடும்பத்துப் பெண்களின் வாய்க்காக என்று இன்று விளங்குகிறது. நானும்கூட என் மகளிடம் அவசரத்தில் ஏதாவது சொல்லிவிட்டு, அவள் தூங்கியபின் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து யோசிப்பதுண்டு. விளங்குகிறது என்பதால் வலி குறைந்ததா என்றால், இல்லை.

அப்பா அன்று ஊரில்தான் இருந்தார். அவர் கத்தவில்லை. என் டின்னை எடுத்தார், மூடியை அழுத்தி மூடினார், மாமாவிடம் நீட்டினார். "இது உன்கிட்ட இருக்கட்டும் மாப்ள. சின்னப் பிள்ளை கையில வேண்டாம்."

எரித்தவர் கையில் என் டின். மாமா அதை வாங்கித் தன் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

அம்மா ஓட்டையைச் சுற்றி வெட்டி, வேறு துணி வைத்துத் தைத்து, அதன்மேல் மறுபடியும் கதிர் போட்டாள். பத்து நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

இதற்குள் மாமா பங்குத் தந்தையிடம் வாக்குக் கொடுத்திருந்தார். திருவிழா அன்று மாலை, தேர் புறப்படும்முன், கடலோர மைதானத்துக்கு மேலே விளக்குப் போட்ட விமானத்தைப் பறக்கவிடுவதாக. தீவிலேயே முதல்முறை என்று தெருவெல்லாம் சொல்லியாயிற்று. உருகிய இடத்தில் தெர்மாகோல் துண்டு வைத்து ஒட்டிவிட்டார். விளக்குப் போடத்தான் அவருக்குத் தெரியாது. இரண்டு நாள் தனியாக உட்கார்ந்து பார்த்தார். மூன்றாம் நாள், அம்மா ஜெபமாலைக்குப் போயிருந்தபோது, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏட்டி, ஒரேயொரு தடவ போட்டுக் குடு."

நான் நகர்ந்து உட்கார்ந்தேன்.

"அன்னைக்கு வாய் தவறிட்டு. திருவிழா அன்னைக்கு மைக்குல எல்லார் முன்னாலயும் சொல்லுதேன், லைட்டு போட்டது என் அக்கா மகதான்னு. துணிய எரிச்சது நான்தான்னு உங்க அம்மைகிட்டயும் அன்னைக்கே சொல்லிருதேன். மாதாமேல சத்தியம்."

மாதாமேல் சத்தியம் என்றால் பதினோரு வயதில் யாரும் நம்புவார்கள்.

"அப்ப சால்டரிங் அயர்ன் தாங்க."

"அது மட்டும் வேண்டாம். புகை வாசம் வந்தா உங்கப்பா என்னைய உரிச்சிருவாரு. முறுக்கி ஒட்டிரு."

அதனால் ஈயம் வைக்காமல் கம்பிகளை முறுக்கி, டேப் சுற்றி விட்டேன். இடதில் சிவப்பு, வலதில் பச்சை. இரண்டு மாலை மாமா மைதானத்தில் பறக்கவிட்டுப் பார்த்தார். நான் வேலியோரம் நின்றேன். விளக்கைப் பார்த்தே அது வருகிறதா போகிறதா என்று கண்டுபிடிக்க இரண்டே நாளில் பழகிவிட்டார். கெட்டிக்காரர்தான், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. கண்ணை இடுக்கிக்கொண்டு, "சிவப்பு வலதுல, வருது... சிவப்பு இடதுல, போவுது" என்று வாய்க்குள் பாடம் சொல்வார்.

திருவிழா அன்று மதியம் பங்குத் தந்தை எங்கள் வீட்டுக்கு வந்தார். விமானத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "லைட்டெல்லாம் நீயே போட்டியா தம்பி?" என்று கேட்டார்.

கதவுக்குப் பின்னாலிருந்து நான் எட்டிப் பார்த்தேன். மைக்கில் சொல்லும்முன் இங்கே சொல்லிவிடுவார் என்று நினைத்தேன்.

"ஆமா ஃபாதர், ராவும் பகலுமா உக்காந்து போட்டது. கப்பல்ல இருக்க மாதிரியே சிவப்பு, பச்ச. என் ஐடியாதான். பிள்ளைங்களக் கிட்டயே விடுறதில்ல. இவதான் தெரியும்ல, பீடத் துணிய எரிச்சவ."

தந்தை என்னைப் பார்த்துச் சிரித்தார். அன்பாகத்தான் சிரித்தார். "இனிமே நெருப்போட விளையாடக் கூடாது, என்ன?" நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றும் கழுத்து சுடுகிறது.

அவர்கள் வெளியே போய் டீ குடித்தார்கள். விமானம் கட்டில்மேல் கிடந்தது. டேப்பைப் பிரித்து, முறுக்கை அவிழ்த்து, சிவப்பை வலதுக்கும் பச்சையை இடதுக்கும் மாற்றி, மறுபடி முறுக்கி, மறுபடி ஒட்டினேன். அன்றைக்கே என் கையில் சால்டரிங் அயர்ன் கொடுத்து ஈயம் வைக்க விட்டிருந்தால், அது ஐந்து நிமிடத்தில் முடிகிற காரியமாக இருந்திருக்காது.

உங்களில் சிலர் அன்று மைதானத்தில் இருந்திருப்பீர்கள். கடலைக்காரன், பலூன், குரோட்டன்ஸ் கட்டிய தேர், ஒலிபெருக்கியின் கரகரப்பு. மாமா புதுச் சட்டையில் மேடைக்குப் பக்கத்தில் நின்று விமானத்தைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார். விளக்குகள் எரிந்தன. கூட்டம் கைதட்டியது. மைக்கில் அவர் பெயரை மட்டும் சொன்னார்கள். அவர் மைக்கை வாங்கித் திருத்தவில்லை.

இந்த இடத்தை நான் எத்தனையோ முறை திரும்பப் பார்த்திருக்கிறேன். விமானத்தின் மூக்கு கூட்டத்தைப் பார்த்திருந்தது. அவர் அதன் பின்னால் நின்றார். விமானத்தின் இடது அவருக்கும் இடது. அண்ணாந்து ஒருமுறை பார்த்திருந்தால் போதும், தன் இடது கைக்கு மேலே பச்சை எரிவது தெரிந்திருக்கும். ராவும் பகலுமாக உட்கார்ந்து போட்டவருக்கு அது தெரியாமல் இருக்குமா? நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பார்த்தால் தப்பித்துப் போகட்டும் என்று நினைத்தேன். அவர் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

விமானம் ஏறியது. வெளிச்சம் மிச்சமிருந்தபோது இரண்டு சுற்று நன்றாகவே வந்தது. மூன்றாம் சுற்றில் வானம் கறுத்து, உடம்பு மறைந்து, சிவப்பும் பச்சையும் மட்டும் மிஞ்சின. அது கடலைப் பார்த்துத் திரும்பியது. சிவப்பு மாமாவுக்கு வலது பக்கம் தெரிந்தது.

"வருது! வருது! ஹட்டோ, எல்லாரும் தள்ளுங்க!"

கூட்டம் பின்வாங்கியது. பெண்கள் குழந்தைகளை இழுத்துக்கொண்டார்கள். மாமா குச்சிகளை நகர்த்திக்கொண்டே, "இந்தா வந்துட்டு, இந்தா வந்துட்டு" என்றார். விளக்குகள் சிறியதாகிக்கொண்டே போயின. யாரோ ஒரு பாட்டையா, "ஏலே, வருதுன்னு சொல்லுத, குண்டூசி கணக்கா போவுதே?" என்றார். முதலில் ஒரு சிரிப்பு, பிறகு பல சிரிப்பு. இரண்டு புள்ளிகள் ஒரு புள்ளியாகி, கடலுக்கு மேலே அணைந்தது.

நான் அழவில்லை, சிரிக்கவுமில்லை. அப்படி ஒரு நிறைவு எனக்கு மறுபடி வந்ததில்லை. திருமண நாளன்றுகூட இல்லை.

அப்போதுதான் பக்கத்தில் அப்பா நிற்பதைப் பார்த்தேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருடம் கப்பல் விளக்குகளைப் பார்த்தவர். தன் இடது கையையும் வலது கையையும் லேசாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

அடுத்த நான்கு நாள் என் உயிர் என்னிடம் இல்லை. தெர்மாகோல் மூழ்காது என்பது எனக்குத் தெரியும். எங்காவது கரை ஒதுங்கும், விளக்கைப் பார்ப்பார்கள், நான் அகப்படுவேன். பள்ளிக்குப் போகும்முன் தினமும் கரையில் நடந்து தேடினேன். செருப்பும் தேங்காயும் பாட்டிலும்தான் ஒதுங்கியிருந்தன. மாமாவோ காற்று இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். சத்தியத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஐந்தாம் நாள் பள்ளி விட்டு வந்தபோது என் கட்டில்மேல் பிஸ்கட் டின் இருந்தது. சால்டரிங் அயர்ன் உட்பட எல்லாம் அப்படியே இருந்தன. பக்கத்தில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு நீளப் பொருள். பிரித்தால், உப்புப் பூத்த இடது இறக்கை. நுனியில் பச்சை பல்பு. டோங்கிப் படகுக்காரர்களிடம் அப்பா சொல்லி வைத்திருந்திருக்கிறார். அவர் அடுக்களையில் உட்கார்ந்து மீன் குழம்பில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"சாப்பிட்டியா?" என்றார்.

"இல்லப்பா."

"உக்காரு."

மறுநாள் கப்பலேறிவிட்டார். அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அதனால் அம்மாவுக்கு நான் போன வாரம்வரை பீடத் துணியை எரித்தவள்.

இனி போன வாரம் நடந்தது. சின்ன மாமா இப்போது ஊரறிந்த ஆள். கல்யாணம், திருவிழா எல்லாவற்றுக்கும் சீரியல் லைட் கட்டுகிறவர் அவர்தான். இதே தீவில் டாலிகஞ்சில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கேக் எடுத்துக்கொண்டு வந்தார். அம்மாவும் அப்பாவும் இருந்தார்கள். நானும் என் மகளும் சேர்ந்து கட்டிய குடிலுக்கு மேலே அந்த இறக்கையைத் தொங்கவிட்டிருந்தேன். துருவைச் சுரண்டி, புதுக் கம்பி பற்றவைத்து, ஒரு பொத்தான் பேட்டரி கொடுத்ததும் பச்சை எரிந்தது. அவர் வருவார் என்று தெரிந்துதான் தொங்கவிட்டேனா? ஆமாம். மகளுக்கு இரண்டு நாள் முன்பே இடது வலது எல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மாமா நிமிர்ந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அரே வாஹ்! நம்ம ஜஹாஜ், நம்ம பிளேன்! எங்கட்டி கெடச்சுது? பாத்தியாக்கா, இத்தன வருசம் ஆயும் நான் போட்ட லைட்டு எரியுது!"

அம்மா சிரித்தாள். "நீ போட்டது எரியுது, இவ போட்டது துணிய எரிச்சுது." என் மகள் பக்கம் திரும்பி, "தெரியுமா, உங்கம்மா சின்னதுல..."

மகள் அதைக் கேட்கவில்லை. இறக்கையைக் கழற்றி, தடித்த விளிம்பை முன்னால் வைத்து, வளைந்த முதுகை மேலே வைத்து மாமாவிடம் நீட்டினாள். "சின்னத் தாத்தா, இது இடது றெக்கைதானே?"

"ஆமா செல்லம்."

"இடதுல சிவப்புதானே இருக்கணும்? நீங்க தப்பா மாட்டிட்டீங்களா? இல்ல, வேற யாராச்சும் மாட்டினாங்களா?"

மாமா சிரித்துக்கொண்டே வாங்கினார். இப்படித் திருப்பினார். அப்படித் திருப்பினார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. தானே மாட்டியதென்றால், ஊரைக் கூட்டி வைத்து விமானத்தைத் தானே கடலில் விட்டவர். இல்லையென்றால், இத்தனை வருடப் பெருமையும் பொய். அவர் என்னைப் பார்த்தார். நான் கேக் வெட்டிக்கொண்டிருந்தேன்.

மூலையில் நாற்காலியில் இருந்த அப்பா அப்போதுதான் வாயைத் திறந்தார். "பெரிய லைட்ட அணைம்மா. அது நல்லாத் தெரியட்டும்."

அணைத்தேன். கூடம் இருண்டது. மாமாவின் கையிலும் தாடையிலும் பச்சை வெளிச்சம்.

"மாட்டினது நான் இல்ல" என்றார் கடைசியில், இறக்கையிடம் சொல்வதுபோல. "உங்கம்மாதான். எல்லாத்தையும் அவதான் போட்டா."

பிறகு அம்மா கேட்டாள், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக.

"அப்ப அந்தத் துணி?"

சுவிட்ச் என் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. விளக்கைப் போட்டிருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது. போடவில்லை.